கால் கிராம் கருவியும் குருவியின் வழித்தங்கலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலசை போகும் சிறு குருவிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, பள்ளிப் பிள்ளைகள் முதல் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வரை திரும்பத் திரும்பக் கேட்கும் சில கேள்விகள் உண்டு. அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்து வருகின்றன. சிறு கருவிகளை வைத்து அதிக வேலை நடந்திருப்பது அங்கேதான். இந்தியாவுக்கு வரும் குருவிகளைப் பற்றிய கேள்விகள் கடைசியில் இருக்கின்றன.

பாடும் பறவை என்று எதைச் சொல்கிறீர்கள்?

கிளையில் உட்கார்வதற்கு ஏற்ற கால்களும், விதவிதமாக ஒலியெழுப்பும் குரல் உறுப்பும் கொண்ட பெரிய கூட்டம் இது. கதிர்க்குருவி, பூங்குருவி, வாலாட்டி, தகைவிலான், சிட்டு, கீச்சான் எல்லாம் இதில் அடக்கம். காகமும் இந்தக் கூட்டம்தான் என்றால் பலர் நம்புவதில்லை! வலசை போகிறவற்றில் பல 10 கிராமிலிருந்து 50 கிராமுக்குள் இருக்கும். இந்த எடைதான் இங்கே எல்லாச் சிக்கலுக்கும் காரணம்.

காலில் வளையம் மாட்டினால் போதாதா?

வளையம் இல்லாமல் இந்த அறிவியலே இல்லை. 1899-இல் டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன் என்ற ஆசிரியர், எண் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனப் பறவைகளின் கால்களில் மாட்டத் தொடங்கினார். அன்றிலிருந்து அந்த முறை உலகமெங்கும் பரவியது. ஆனால் வளையம் பேச வேண்டுமென்றால் அந்தக் குருவி இன்னொருவர் கையில் மாட்ட வேண்டும், அல்லது இறந்து கிடந்து யாராவது எடுத்துப் பார்க்க வேண்டும். சிறு குருவிகளில் ஆயிரக்கணக்கில் வளையமிட்டாலும் தொலைவிலிருந்து திரும்பி வரும் செய்தி விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும்.

அப்படியே கிடைத்தாலும் இரண்டு புள்ளிகள்தான் தெரியும். இங்கே பிடித்தோம், அங்கே கிடைத்தது. நடுவில் எந்த வழியில் போனது, எங்கே எத்தனை நாள் தங்கியது என்பதெல்லாம் இருட்டு.

கையில் இருக்கும் போனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே, அதைக் குருவிக்கு மாட்டினால் என்ன?

பேட்டரிதான் தடை. ஜிபிஎஸ் சில்லு சிறியதுதான். ஆனால் அது செயற்கைக்கோள்களைக் கேட்டு இடத்தைக் கணக்கிடும்போது நிறைய மின்சாரம் தின்னும். கணக்கிட்ட இடத்தை நமக்கு அனுப்ப வேண்டுமென்றால் இன்னும் அதிகம்.

பறவையின் உடல் எடையில் 3 முதல் 5 விழுக்காட்டுக்கு மேல் எதையும் ஏற்றக்கூடாது என்பது இத்துறையின் பொதுவழக்கம். கவனமானவர்கள் 3-லேயே நின்றுவிடுவார்கள். 12 கிராம் குருவிக்கு 3 விழுக்காடு என்றால் 0.36 கிராம். செயற்கைக்கோளுக்குத் தானே தகவல் அனுப்பும் கருவிகள் ஏறக்குறைய 2 கிராமில்தான் தொடங்குகின்றன. அதைச் சுமக்க 60, 70 கிராம் பறவை வேண்டும். நாரைக்கும் கழுகுக்கும் சரி, கதிர்க்குருவிக்கு ஆகாது.

நடுவழியாக, தகவலை அனுப்பாமல் தன்னுள்ளேயே சேமித்துவைக்கும் ஜிபிஎஸ் கருவிகள் சுமார் ஒரு கிராமில் வந்திருக்கின்றன. அவை குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டும் விழித்து இடத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி தூங்கிவிடும். அடுத்த ஆண்டு அதே குருவியைப் பிடித்துக் கழற்றினால்தான் தகவல் கைக்கு வரும்.

ஜியோலொக்கேட்டர் வெறும் வெளிச்சத்தை வைத்து இடத்தை எப்படிச் சொல்கிறது?

பழைய மாலுமிகளின் கணக்குதான். ஜிபிஎஸ் இல்லாத இந்தச் சிறு கருவியில் இருப்பவை ஒரு கடிகாரம், ஒரு வெளிச்ச உணரி, கொஞ்சம் நினைவகம், ஒரு பொடி பேட்டரி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்று எழுதிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து தினமும் சூரியன் எப்போது எழுந்தது, எப்போது விழுந்தது என்று தெரிந்துவிடும். பகல் எவ்வளவு நீளம் என்பது வடக்கா தெற்கா என்று சொல்லும். நண்பகல் எத்தனை மணிக்கு வந்தது என்பது கிழக்கா மேற்கா என்று சொல்லும்.

பிழையும் அங்கேயே இருக்கிறது. பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம் ஆகிறது. நிலநடுக்கோட்டருகே ஒரு பாகை என்பது சுமார் 111 கி.மீ. மேகம் மூடியோ, குருவி புதருக்குள் உட்கார்ந்தோ விடியல் சில நிமிடம் தள்ளித் தெரிந்தால் போதும், கணக்கில் அது நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். மார்ச் 21, செப்டம்பர் 22 ஒட்டிய நாட்களில் உலகமெங்கும் பகலும் இரவும் சமம். அந்த வாரங்களில் வடக்கு தெற்குக் கணக்கு உதவாது. குருவிகள் மும்முரமாக வலசை போவதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான், என்ன செய்ய.

இதிலும் தகவல் கருவிக்குள்ளேயே இருக்கும். குருவி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்த் திரும்பி, பழைய இடத்துக்கே வந்து, மறுபடி வலையில் விழ வேண்டும். நல்ல வேளையாகப் பல பாடும் பறவைகள் போன ஆண்டு கூடு கட்டிய அதே தோப்புக்குத்தான் வரும். உயிரோடு வந்தால்.

அப்படி முதலில் கிடைத்த பாதைகள் என்ன சொன்னன?

ஜியோலொக்கேட்டர்கள் முதலில் அல்பட்ராஸ் போன்ற பெரிய கடற்பறவைகளுக்காகச் செய்யப்பட்டவை. பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வே அவற்றை 1.5 கிராமுக்குச் சுருக்கிய பிறகு, கனடாவின் யார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரிட்ஜெட் ஸ்டட்ச்பரியின் குழு 2007-இல் பென்சில்வேனியாவில் 14 வுட் த்ரஷ் பூங்குருவிகளுக்கும் 20 ஊதாத் தகைவிலான்களுக்கும் மாட்டியது. அடுத்த கோடையில் 5 பூங்குருவிகளிடமும் 2 தகைவிலான்களிடமும் இருந்து கருவிகள் திரும்பக் கிடைத்தன. வெறும் ஏழு கருவிகள். 2009-இல் முடிவு வெளியானபோது துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

சிறு குருவிகள் ஒரு நாளைக்குச் சுமார் 150 கி.மீ. போகும் என்றுதான் அதுவரை கணித்திருந்தார்கள். அமேசான் பகுதியிலிருந்து கிளம்பிய ஒரு பெண் தகைவிலான் 7,500 கி.மீ. தொலைவை 13 நாளில் முடித்து வீடு சேர்ந்திருந்தது. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 577 கி.மீ.

எனக்கு அதைவிடப் பிடித்தது இலையுதிர்காலச் செய்தி. தெற்கே போகும்போது தகைவிலான்கள் ஐந்தே நாளில் 2,500 கி.மீ. பறந்து மெக்சிகோவின் யுகட்டானுக்குப் போய்விட்டன. அப்புறம் அங்கே மூன்று நான்கு வாரம் இருந்தன. அவ்வளவு அவசரமாக வந்தவை ஏன் அங்கே அவ்வளவு நிதானமாகத் தங்க வேண்டும்? வழித்தங்கலைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று பலருக்குத் தோன்ற இது ஒரு பெரிய காரணம்.

வழித்தங்கல் என்றால் சரியாக என்ன? இளைப்பாறுவதா?

இளைப்பாறுதல் அதில் ஒரு பகுதி. பெரும்பகுதி சாப்பாடு. நீண்ட தொலைவு பறக்கும் குருவி கொழுப்பை எரித்துப் போகிறது. ஒரு கிராம் கொழுப்பில் ஒரு கிராம் மாவுச்சத்தைவிட இரு மடங்குக்கு மேல் ஆற்றல் உண்டு. கொழுப்பு தீர்ந்ததும் இறங்கி, தின்று, மறுபடி சேர்த்து, அடுத்த கட்டத்துக்குக் கிளம்ப வேண்டும்.

இறங்கியவுடன் வயிறார உண்ணலாம் என்றும் நினைத்துவிட முடியாது. நீண்ட பறப்பின்போது குருவியின் குடலும் கல்லீரலும் சுருங்கிப் போகின்றன. தேவையில்லாத சுமையை உடல் தானே குறைத்துக்கொள்கிறது. அதனால் தரையிறங்கிய முதல் ஓரிரு நாள் இரை கண்முன் இருந்தாலும் எடை ஏறாமல் தவிக்கும் குருவிகள் உண்டு. குடல் தேறிய பிறகுதான் கொழுப்பு ஏறும். நாம் தோட்டத்தில் பார்த்துவிட்டு "ஏதோ புதுக்குருவி வந்து மேய்கிறது" என்று கடந்துபோகும் அந்த நாட்கள் அதற்கு வாழ்வா சாவா என்ற நாட்கள்.

மார்ட்டின் விக்கெல்ஸ்கி என்ற வலசை ஆய்வாளரின் குழு 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது. அமெரிக்காவின் நடுமேற்கில் பூங்குருவிகளைப் பிடித்து, ஆற்றல் செலவை அளக்க உதவும் சிறப்பு நீரை ஊசியில் ஏற்றி, ரேடியோ கருவி மாட்டி விட்டார்கள். குருவி இரவில் கிளம்பியதும் கூரையில் ஆன்டெனா வைத்த காரில் விடிய விடியத் துரத்தினார்கள். காலையில் அது இறங்கிய இடத்தில் மறுபடி பிடித்து ரத்தம் எடுத்தார்கள். மொத்தப் பயணத்தில் பறப்பதற்கு ஆகும் செலவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வழியில் தங்கும் நாட்களில் ஆகிறது என்று தெரியவந்தது. வலசை என்றால் வானத்தை நிறைக்கும் சிறகுகள்தான் நம் மனக்கண்ணில் வருகின்றன. குருவியின் வலசைக் காலத்தில் பெரும்பகுதி புதருக்குள்தான் கழிகிறது.

காரில் துரத்தினார்களா?

ஆமாம், அது ஒரு தனிக் கதை. பில் காக்ரன் என்ற இல்லினாய்ப் பொறியாளர் 1960-களிலேயே பறவைக்கு ஏற்ற ரேடியோ கருவிகளைத் தானே செய்தார். 1973-இல் ஒரே ஒரு ஸ்வைன்சன் பூங்குருவியை ஏழு இரவுகள், இல்லினாயிலிருந்து கனடாவின் மனிடோபா வரை 1,500 கி.மீ. பின்தொடர்ந்தார். முப்பது கிராம் பறவைக்குப் பின்னால் ஒரு கார், இருட்டில், அதன் "பீப்" ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு. ஒரு தனிக் குருவி ஒவ்வோர் இரவும் எந்தத் திசையில் பறந்தது, எந்தத் தோப்பில் இறங்கியது என்று மனிதர் அறிந்தது இப்படித்தான்.

இப்போதும் யாராவது துரத்த வேண்டுமா? தங்கும் நாட்களை எப்படி அளக்கிறார்கள்?

இப்போது கேட்கும் கோபுரங்கள் இருக்கின்றன. பேர்ட்ஸ் கனடா அமைப்பு நடத்தும் மோட்டஸ் என்ற வலையமைப்பு 2014 வாக்கில் தொடங்கியது. லத்தீனில் மோட்டஸ் என்றால் அசைவு. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஆயிரத்தைத் தாண்டிய நிலையங்கள். கலங்கரை விளக்கத்தின் மேலும் பண்ணை வீட்டுக் கூரையிலும் பள்ளிக்கூட மாடியிலும் பழைய டிவி ஆன்டெனா போன்ற ஒன்று நிற்கும். கீழே ஒரு சிறிய கணினிப் பெட்டி.

குருவியின் முதுகில் உள்ள டேக் என்ற பொடி ரேடியோ கருவி சில நொடிகளுக்கு ஒருமுறை துடிக்கும். அமெரிக்கக் கண்டங்களில் இவ்வகைப் பழைய டேக்குகள் எல்லாம் 166.380 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் பேசுகின்றன. துடிப்புகளுக்கு இடையிலான நுண்ணிய இடைவெளிகளே ஒவ்வொரு டேக்கின் அடையாள எண். எல்லாரும் ஒரே அலைவரிசை என்பதால், கொலம்பியாவில் ஒருவர் மாட்டிய டேக்கை ஒன்டாரியோவில் வேறொருவர் நட்டுவைத்த கோபுரம் கேட்டுச் சொல்லும். குருவியை மறுபடி பிடிக்கவே வேண்டாம். மிகச் சிறிய டேக் கால் கிராம் அளவுதான், பத்துப் பன்னிரண்டு அரிசியின் எடை. 434 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும், பேட்டரியே இல்லாமல் சூரிய ஒளியில் ஓடும் அரை கிராமுக்கும் குறைவான டேக்குகளும் வந்துவிட்டன.

ஒரு கோபுரத்தின் பதிவை எப்படிப் படிப்பது என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். குருவி தரையில் புதருக்குள் இருக்கும்போது சத்தம் மெலிதாக வரும். அது மேய்ந்து திரிந்தால் சத்தம் ஏறி இறங்கி நடுங்கும். உறங்கினால் ஒரே கோடாக நிற்கும். இப்படி மூன்று நாள், நான்கு நாள். ஒரு நாள் சூரியன் விழுந்து அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துச் சத்தம் சட்டென்று பல மடங்கு உயரும். குருவி மரங்களுக்கு மேலே எழுந்துவிட்டது. வடக்கு ஆன்டெனாவில் ஒலி குறையும், தெற்கு ஆன்டெனாவில் கூடும். பத்து இருபது நிமிடத்தில் தேய்ந்து மறையும். போய்விட்டது. எந்த நாள், எந்த நிமிடம், எந்தப் பக்கம் என்று மூன்றும் அந்த ஒரு கோட்டிலேயே இருக்கிறது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பறக்கும் குருவியை ஒரு கோபுரம் 15, 20 கி.மீ. வரை கேட்கும், தரையில் இருப்பதை அதில் சிறு பங்குத் தொலைவில்தான். கோபுரம் இல்லாத இடத்தில் குருவி தங்கினால் அது தங்கியதே தெரியாது. கோபுரங்கள் அடர்ந்திருப்பது பணமும் ஆட்களும் உள்ள இடங்களில்.

12 கிராம் குருவி நிற்காமல் கடல் தாண்டியது என்பது உண்மையா?

உண்மை. வட அமெரிக்க ஊசியிலைக் காடுகளில் கூடு கட்டும் பிளாக்போல் வார்ப்ளர் என்ற கதிர்க்குருவி அது. இலையுதிர்காலத்தில் அட்லாண்டிக் கரையோரம் அது தொகையாக வந்து சேர்வதும், பிறகு கரீபியத் தீவுகளில் தோன்றுவதும் பல காலமாகத் தெரியும். நேராகக் கடல்மேல் போகிறதா, கரையோரமாக ஊர்ந்து போகிறதா என்பதில்தான் வாதம் ஓடியது. வெர்மான்டிலும் நோவா ஸ்கோஷியாவிலும் அரை கிராம் ஜியோலொக்கேட்டர் மாட்டிய குருவிகளில் ஐந்திடமிருந்து கருவி திரும்பக் கிடைத்தது. 2,270 முதல் 2,770 கி.மீ. வரை, இரண்டு மூன்று நாள், கடல்மேல் ஒரே பறப்பு. இறங்கியது போர்ட்டோ ரிக்கோ, ஹிஸ்பானியோலா பக்கம். அங்கே சில நாள் தங்கிவிட்டுத் தென் அமெரிக்காவின் வடபகுதிக்குப் போயின.

கிளம்புவதற்கு முன் கரையோரப் புதர்களில் அது என்ன செய்கிறது என்பதுதான் இதில் பாதிக் கதை. 12 கிராம் குருவி தின்று தின்று 20 கிராமைத் தாண்டும். அந்தப் புதர் அங்கே இல்லாமல் போனால் இந்தக் கடல் பயணமும் இல்லை.

எப்போது கிளம்பலாம் என்று குருவி எப்படி முடிவு செய்கிறது?

கொழுப்பு, காற்று, தேதி. அலபாமாவின் ஃபோர்ட் மோர்கன் முனையில் வுட் த்ரஷ், ஸ்வைன்சன் பூங்குருவி, சிவந்த கண் விரியோ ஆகியவற்றுக்கு டேக் மாட்டி, மெக்சிகோ வளைகுடாவின் மறுகரையான யுகட்டானிலும் கோபுரங்கள் நட்டுக் காத்திருந்தார்கள். நடுவில் சுமார் 1,000 கி.மீ. தண்ணீர். 2015-இல் வந்த முடிவின்படி, கொழுத்த குருவிகள் தெற்கு நோக்கிய காற்றும் வறண்ட வானிலையும் வந்ததும் நேராகக் கடலைத் தாண்டக் கிளம்பின. மெலிந்தவை திரும்பி உள்நாட்டுப் பக்கம் போயின, இரை தேட.

கொலம்பியாவின் சாந்தா மார்த்தா மலைத்தொடரில் வேனிற்காலத்தில் டேக் மாட்டிய சாம்பல் கன்னப் பூங்குருவிகளிலும் இதுதான். அங்கே நன்றாகத் தின்று கொழுத்துக் கிளம்பியவற்றில் சில நான்கு நாளுக்குள் 3,000 கி.மீ. தாண்டி அமெரிக்காவின் உட்பகுதியில் இருந்தன. அரைவயிற்றோடு கிளம்பியவை வழியில் மறுபடி மறுபடி நின்றன, பின்தங்கின. ஒரு மலைச்சரிவில் மேய்ந்த சில நாட்கள் ஒரு கண்டத்துப் பயணத்தின் வேகத்தையே மாற்றிவிட்டன.

பூச்சிமருந்து வலசையைத் தாமதப்படுத்துகிறது என்று படித்தேன். எவ்வளவு உறுதி?

நான் பார்த்தவற்றில் மிகத் தெளிவான சான்றுகளில் ஒன்று. கனடாவில் ஈரி ஏரிக்கரையில் உள்ள லாங் பாயின்ட்டில், வசந்த வலசையில் தங்கியிருந்த வெண்முடிச் சிட்டுகளைப் பிடித்தார்கள். சிலவற்றுக்கு வெறும் எண்ணெய், சிலவற்றுக்குக் குறைந்த அளவு இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து, சிலவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல். கூடுதல் என்பதும் குருவி ஒன்றுக்குச் சுமார் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குதான். ஆறு மணி நேரத்தில் கூடுதல் அளவு பெற்றவை உடல் எடையில் 6 விழுக்காட்டை இழந்தன. பசியே எடுக்கவில்லை அவற்றுக்கு. பிறகு டேக் மாட்டி விட்டார்கள். மருந்து பெறாதவற்றைவிட அவை இடைநிலை அளவில் 3.5 நாள் கூடுதலாக அங்கேயே தங்கின. இது 2019-இல் வெளியானது.

மூன்றரை நாள் என்ன பெரிது என்று தோன்றலாம். பிந்திப் போகும் குருவிக்கு நல்ல கூட்டிடம் கிடைக்காது. குஞ்சு பொரிக்கும் நேரமும் புழு நிறைந்திருக்கும் நேரமும் பொருந்தாமல் போகும். கோபுரப் பதிவு இல்லாவிட்டால் இந்த மூன்றரை நாள் யார் கண்ணிலும் பட்டிருக்காது. பறவை சாகவில்லை, பறந்தும் போய்விட்டது, ஆகவே பாதிப்பில்லை என்று எழுதி முடித்திருப்பார்கள். இமிடாகுளோபிரிட் நம் ஊர்ப் பூச்சிமருந்துக் கடைகளிலும் பருத்திக்கும் நெல்லுக்கும் கேட்டவுடன் கிடைக்கும் பொருள் என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கருவியை எப்படி மாட்டுகிறார்கள்?

புதர்களுக்கு நடுவே மயிரிழை போன்ற மெல்லிய வலையை விரித்து வைப்பார்கள். குருவி மோதியதும் வலையின் மடிப்பில் பை போல விழுந்து கிடக்கும். பழகிய கை கால்களை முதலில் விடுவித்து, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே கழுத்து வரும்படி பிடிக்கும். நெரிக்காது, ஆனால் திமிறவும் முடியாது. துணிப் பையில் போட்டு மேசைக்குக் கொண்டுவருவார்கள்.

காலில் வளையம். அப்புறம் வயிற்று இறகில் மெல்ல ஊதுவார்கள். இறகு விலகியதும் தோல் கண்ணாடி மாதிரி தெரியும். கழுத்துக்குக் கீழே உள்ள குழியில் மஞ்சளாக ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அதுதான் கொழுப்பு. குழி வெறுமையாக, தசையின் கருஞ்சிவப்பு மட்டும் தெரிந்தால் நேற்றிரவுதான் வந்து இறங்கியது என்று ஊகிக்கலாம். குழி நிறைந்து மேலே வழிந்தால் இன்றோ நாளையோ கிளம்பிவிடும். பிறகு தலைகீழாக ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயில் இறக்கித் தராசில் வைப்பார்கள். இருட்டில் குருவி அசையாமல் இருக்கும்.

கருவிக்கு இரண்டு நூல் வளையங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொரு தொடையிலும் ஏற்றிவிட்டால் கருவி இடுப்புக்கு மேல், முதுகின் அடிப்பகுதியில் உட்காரும். இறக்கைக்கும் தடையில்லை. இறகுகளைச் சரிசெய்துவிட்டால் வாலுக்கு மேல் நீளும் மெல்லிய கம்பி மட்டும்தான் தெரியும். ஒரு பருவத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் நாளடைவில் மக்கி அறும் நூலைப் போடுவார்கள், அல்லது முதுகு இறகைக் கத்தரித்துப் பசையில் ஒட்டுவார்கள். இறகு உதிரும்போது அதுவும் விழுந்துவிடும். பழகியவருக்குச் சில நிமிட வேலை.

குருவிக்கு இது கொடுமையில்லையா?

கேட்க வேண்டிய கேள்வி. சிறு பறவைகள்மேல் ஜியோலொக்கேட்டர் மாட்டிய ஏராளமான ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு அலசல் ஒன்று, உயிரோடு திரும்பி வருவதில் சிறிய அளவில் பாதிப்பு உண்டு என்று சொன்னது. உடல் எடையோடு ஒப்பிடக் கருவி கனமாக ஆக ஆகப் பாதிப்பும் கூடியது. ரப்பர் போல நீளும் பட்டைகளைக் கட்டியவற்றிலும் கூடியது. 9 கிராம்தான் இருக்கும் செருலியன் வார்ப்ளர் விஷயத்தில், ஜியோலொக்கேட்டர் சுமந்தவை மற்றவற்றைவிடக் குறைவாகவே திரும்பி வந்தன.

என் கருத்து இது. பதில் தெரிய வேண்டிய தெளிவான கேள்வி ஒன்று இருந்து, அதற்கு வேண்டிய மிகக் குறைந்த எண்ணிக்கையில், அந்தக் கேள்விக்குப் போதுமான மிக இலேசான கருவியை, கைபழகியவர் மாட்டினால் அதற்கு நியாயம் உண்டு. வரைபடத்தில் அழகான கோடு வேண்டும் என்பதற்காக மாட்டக்கூடாது. கூடவே, கருவி இல்லாமல் வளையம் மட்டும் போட்ட குருவிகளையும் கணக்கில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாமே செய்த பாதிப்பை வலசையின் இயல்பு என்று எழுதிவிடுவோம்.

எவ்வளவு உயரத்தில் பறக்கின்றன?

பெரும்பாலும் ஓரிரண்டு கிலோமீட்டருக்குள். ஆனால் காற்றழுத்தத்தையும் அளக்கும் 1.2 கிராம் கருவிகள் ஓர் ஆச்சரியத்தைக் கொண்டுவந்தன. சுவீடனில் கூடு கட்டும் பெரிய நாணல் கதிர்க்குருவி வழக்கமாக இரவில்தான் பறக்கும். மத்தியதரைக் கடலையும் சகாராவையும் கடக்கும்போது மட்டும் பகலிலும் தொடர்ந்து பறக்கிறது. அப்போது விடிந்ததும் 5,000 மீட்டருக்கு மேல் ஏறி, பொழுது சாய்ந்ததும் 2,000 மீட்டர் பக்கம் இறங்கிவிடுகிறது. ஒன்று 6,267 மீட்டரைத் தொட்டது. வெயிலில் உடல் சூடேறாமல் இருக்கக் குளிர்ந்த காற்றைத் தேடிப் போகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

விண்வெளி நிலையத்திலிருந்து பறவைகளைக் கண்காணிக்கும் திட்டம் என்ன ஆனது?

விக்கெல்ஸ்கி முன்னெடுத்த இக்காரஸ் திட்டத்தைக் கேட்கிறீர்கள். 2018-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் ஆன்டெனா பொருத்தினார்கள். உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மார்ச்சில் தகவல் நின்றது. பிறகு சிறு செயற்கைக்கோள்களை நோக்கித் திட்டம் திரும்பியது. அதன் முதல் கருவிகள் 5 கிராம் அளவில் இருந்ததால் சிறு கதிர்க்குருவிகளுக்கு அப்போதும் எட்டாக் கனிதான்.

இந்தியாவுக்கு வரும் குருவிகளின் வழி தெரியுமா?

ஓரளவு. நார்வேயிலும் செக் நாட்டிலும் ஜியோலொக்கேட்டர் மாட்டிய நீலத்தொண்டைக் குருவிகள் குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழிக்காமல் இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்திருந்தன. ஐரோப்பாவில் கூடு கட்டும் ரோஸ்ஃபிஞ்ச் குருவிகளும் அப்படியே. மத்திய ஆசியாவில் தங்கித் தங்கி வந்தன.

தமிழ்நாட்டில் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. ஆனால் நம் வேலியோரங்களில் குளிர்காலம் முழுக்க "டக், டக்" என்று குரல் கொடுத்துக்கொண்டு ஒளிந்து திரியும் பிளித் நாணல் கதிர்க்குருவி வழியில் எந்தெந்தப் புதரில் எத்தனை நாள் தங்கி வந்தது என்று கேட்டுச் சொல்லும் கோபுர வரிசை அதன் பாதையில் இல்லை. எனக்கு மிக ஆசையான விஷயம் அதுதான். இந்தியாவில் வளையமிடவும் கருவி மாட்டவும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். ஆர்வத்தில் தாமாகச் செய்துபார்க்கக் கூடாது.

வளையமோ கருவியோ உள்ள பறவையைப் பார்த்தால் என்ன செய்வது?

உயிரோடு இருந்தால் எதையும் கழற்றாதீர்கள். எண் தெரியும்படி படமெடுங்கள். எண், நாள், இடம், பறவையின் நிலை நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்திய வளையங்களில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தெரிவிக்கும்படி பொறித்திருக்கும். அவர்களுக்கு எழுதினால் அது எங்கே வளையமிடப்பட்டது என்று உங்களுக்கும் சொல்வார்கள். இறந்த பறவையில் சிறு கருவி இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஓர் ஆண்டுப் பயணம் முழுவதும் அதற்குள் இருக்கலாம்.

அக்டோபரில் வீட்டுக்குள் வண்ணவண்ணமாக ஒரு குருவி வந்து சோர்ந்து கிடந்தது. அதுவும் வலசைப் பறவையா?

பச்சை முதுகு, பழுப்பு வயிறு, வாலடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை என்றால் அது ஆறுமணிக்குருவி. அறிவியல் வகைப்பாட்டில் பாடும் பறவைகளுக்கு நெருங்கிய உறவு. வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வரும். இரவில் பறக்கும் பறவை. விளக்கொளியில் தடுமாறிச் சன்னலில் மோதி இப்படி வந்து விழுவதுண்டு.

காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, உள்ளே வைத்து மூடி, சத்தமில்லாத அறையில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காயமோ தொங்கிய சிறகோ இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெட்டிக்குள் துள்ளும் சத்தம் கேட்டால் தேறிவிட்டது என்று பொருள். பூனை இல்லாத, மரமும் சருகும் உள்ள இடமாகப் பார்த்துத் திறந்துவிடுங்கள். கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். பிறகு தத்தித் தத்திச் சருகுக்குள் போய், அலகால் இலையைப் புரட்டிப் புழு தேடத் தொடங்கும்.